சலூன் பெஞ்சில் ஒரு பங்காளி

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். மூன்றுக்கு மேல் தேறவில்லை. குடிக்க மாட்டார். யாரிடமும் கைமாற்றுக் கேட்க மாட்டார். இஸ்திரி போடாத சட்டையோடு வாசலைத் தாண்ட மாட்டார். நாலாவதுக்கு யோசித்துக்கொண்டே இருந்தேன், மில்லில் கூட்டம் வந்துவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ‘இருந்தாலும்’. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவர் பெண்டாட்டியே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யாரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வாய் நிறையப் புகழ்வார். “தங்கமான பையன். கை சுத்தம். வேலையில சுறுசுறுப்பு.” அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். “இருந்தாலும்...” என்பார். அதோடு சரி. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மீதியைக் கேட்டவனே வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அவன் நிரப்புகிற அளவுக்கு மோசமாக இவரால்கூட நினைக்க முடியாது. இப்படி நின்றுபோன கல்யாணமும் உண்டு, கைநழுவிப்போன வேலையும் உண்டு. கேட்டால், “நான் ஒண்ணுமே சொல்லலையே!” என்று நெஞ்சில் கை வைப்பார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கை அது.

நான் மாவு மில் வைத்திருக்கிறவள். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசி, அதை நிறுத்திய பிறகும் எனக்குக் குரல் இறங்காது. அதனால் என்னிடம் யாரும் ரகசியம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அரைக்க வருகிறவர்கள் மிஷின் ஓடும்போது தங்களுக்குள் ரகசியத்தைக் கத்தித்தானே சொல்லியாக வேண்டும்? எல்லாம் என் காதில்தான் முதலில் விழும். எதிர் வரிசையில் சலூன். அங்கே நடப்பதை இங்கே கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

மனிதருக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஆள் உட்கார ஒரு ஸ்டூல். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பத்திரம் அவர் எழுதியது. அதைக் குறை சொல்ல முடியாது. வடக்கே இன்னார் மதில், தெற்கே இன்னார் மனை என்று எல்லை எழுதினால் ஒரு விரற்கடை பிசகாது. ஊரில் இருக்கும் நிலத்துக்கெல்லாம் எல்லை எழுதிய மனிதர், தன் வாய்க்கு எழுத மறந்துவிட்டார். கண் மங்கித் தொழிலை விட்ட பிறகு காலையில் குளித்து, சட்டை மாற்றி, சலூன் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஓசிப் பேப்பர், ஓசிக் காற்று. மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். வாயில்லாப் பூச்சி. பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அவர்கள் அப்பா போன பிறகு இருந்தது இரண்டே சொத்து: தெருவைப் பார்த்த பழைய வீடு, அதற்குப் பின்னால் முள் மண்டிய ஒரு காலி மனை. அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டார். தம்பி தலையில் மனையைக் கட்டினார். பாகப் பிரிவினைப் பத்திரத்தை எழுதியது யார்? சாட்சாத் இவரேதான். ‘ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு இனி எக்காலத்திலும் யாதொரு பாத்தியதையும் கிடையாது’ என்று தன் கையால் எழுதி, பதிவும் செய்துவிட்டு, நேரே சலூனுக்கு வந்து முடி வெட்டிக்கொண்டே பெருமை பேசினார். முள்ளுக் காட்டைத் தம்பிக்குக் கொடுத்து வீட்டைத் தட்டிக்கொண்ட பெருமை.

தெய்வத்துக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு. சில வருஷத்தில் பின்பக்கம் புது ரோடு வந்தது. முள்ளுக் காடு ரோட்டைப் பார்த்த மனையாகிவிட்டது. தம்பியும் தம்பி மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதில் கச்சிதமாக ஒரு வீடு கட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது இவருக்குப் பங்காளிக் காய்ச்சல். அதற்கு மாத்திரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தம்பி சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி அழுது முடித்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, அதே வேனில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதிலிருந்து அவள் வேன்காரி. நல்ல உயரம், ஆம்பிளைச் சட்டை, தலையை இழுத்து ஒரு கொண்டை. வளைவில் அவள் அடிக்கிற ஹாரனுக்குத் தெரு நாய் கூட ஓரம் போய்விடும். ஒரே மகளை அந்த வேனை ஓட்டியே படிக்க வைத்தாள், கட்டிக் கொடுத்தாள்.

மகள் இருப்பது தூரத்து ஊரில். அவளும் புருஷனும் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கூட ஒரு ஆள் தங்கினால் வீட்டுக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தரித்திருந்தது. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேன்காரி ஒரு நாள் கோதுமை அரைக்க வந்தவள், டப்பாவை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

“என்னடி, மாவு ஆறிப்போச்சு, எடுத்துட்டுப் போகலையா?”

“அக்கா, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். அங்கேயே சின்னதா ரெண்டு ரூம் வீடு பார்த்துட்டு அவ கூடப் போய் இருக்கணும். அவ படுத்த படுக்கையா கிடக்கறா, நான் இங்க ஊரார் புள்ளைங்களை ஏத்தி இறக்கிட்டிருக்கேன்.”

“அவசரப்படாதே. வித்துட்டா அப்புறம் திரும்பி வர இடம் இருக்காதேடி.”

“திரும்பி வந்து யாரைப் பார்க்கறது? உங்களைப் பார்க்கணும்னா ஒரு போன் போட்டா போதும். நீங்க போன் இல்லாமலே பேசலாம், அங்க வரைக்கும் கேக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. பிரசவத்துக்கு முன்னால் மகளிடம் போய்விட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சேதி தெரிந்ததும் முதலில் வந்தவர் நம் ஆள்தான். “வெளியாளுக்கு எதுக்கும்மா குடுக்கணும்? நானே எடுத்துக்கறேன். குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்” என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு என் மில்லின் பழைய மோட்டார்கூட வராது.

“மாமா, உங்க தம்பி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வெளியாளுங்கதான் வந்து பார்த்தாங்க. வெளியாளுக்கே குடுத்துக்கறேன்” என்றாள் வேன்காரி.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். வம்பு அங்கே தொடங்கியது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வீடு வாங்க வருகிறவன் வீட்டைப் பார்ப்பான், பத்திரத்தைப் பார்ப்பான், வக்கீலிடம் காட்டுவான், வில்லங்கச் சான்றிதழும் போட்டுப் பார்ப்பான். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு தாடையைத் தடவிக்கொண்டு அந்தத் தெருச் சலூனுக்குப் போய் ஷேவிங்குக்கு உட்காருவான். முகத்தில் பிளேடு ஓடும்போது கேட்கிற விஷயம்தான் நிஜம் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. அரசாங்க முத்திரை அப்புறம்தான். இருந்த இடத்துக்கே வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்து சேருவார்கள் என்றால் பெஞ்சை விட்டு அவர் ஏன் எழுந்திருக்கப் போகிறார்?

முதலில் வந்தவர் மருந்துக் கடைக்காரர். வீடு பிடித்திருந்தது. அவர் மனைவி சமையலறை ஜன்னலை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். பத்திரமும் சரி. மறுநாள் சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்தார்.

“பின் ரோட்டு வீடு எப்படிங்க?” என்று பொதுவாகக் கேட்டார்.

பெஞ்சிலிருந்து பதில் வந்தது. “அருமையான வீடாச்சே! என் தம்பி வீடுதான். செங்கல் ஒவ்வொண்ணும் பார்த்துப் பார்த்து வச்சது. இருந்தாலும்...”

கத்தி கழுத்தில் இருக்கிறது. மனிதர் தலையைத் திருப்ப முடியுமா? கண்ணாடியில் கண்ணை மட்டும் உருட்டினார். “இருந்தாலும்னா?”

“ஒண்ணுமில்ல. நீங்க வாங்குங்க. பொம்பளைப் புள்ள, புருஷன் இல்லாதவ. நான் எதையாவது சொல்லி அவ பொழைப்பைக் கெடுக்கலாமா? கேஸெல்லாம் வரும்போது பார்த்துக்கலாம்.”

மருந்துக் கடைக்காரர் காதோரம் நுரையோடு வேகமாக நடந்து போனதை நானே பார்த்தேன். வேன்காரி போன் போட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் வேடிக்கை: “பேப்பரெல்லாம் சுத்தமா இருக்கும்மா. அவ்வளவு சுத்தமா இருக்கறதுதான் பயமா இருக்கு.”

அடுத்து ஒரு வாத்தியார். அவர் தாடி வைத்திருந்தார். அப்பாடா, ஷேவிங் இல்லை என்று நானும் அவளும் மனசுக்குள் குதித்தோம். அந்த மனுஷன் முடி வெட்டிக்கொள்ளப் போய் உட்கார்ந்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

வாத்தியார் லேசில் விடுகிறவர் இல்லை, தோண்டித் தோண்டிக் கேட்டார். வெறும் ‘இருந்தாலும்’ அவரிடம் பலிக்கவில்லை. அன்றைக்குத்தான் நம் ஆள் முதல் முறையாக முழுப் பொய்யாகச் சொன்னார். “சார், படிச்சவங்க கேக்கறீங்க, சொல்றேன். பாகம் பிரிச்ச பத்திரம் சும்மா பேருக்கு. அதுக்கப்புறம் எங்கப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி, அதை மாத்தி வாய்மொழியா வேற ஏற்பாடு சொல்லிட்டாரு. முன்வீடு, பின்வீடு, எல்லாம் இன்னைக்கும் ஒண்ணுதான். பாகமே பிரிக்கல. எனக்குப் பாதி இருக்கு. கோர்ட்டுல போட்டிருக்கேன்.”

அப்பா கண்ணை மூடிய பிறகுதான் பாகமே பிரித்தார்கள். செத்தவர் எழுந்து வந்து வாய்மொழி ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனாரா? வாத்தியாருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று எழுந்து போய்விட்டார். பொய் ஒரு தடவை வாயில் ருசித்துவிட்டால் அப்புறம் தினம் கேட்கும். அடுத்த நாளிலிருந்து வாங்க வருகிறவன், வராதவன், பேப்பர் படிக்க வந்தவன், எல்லோருக்கும் அதே பாட்டு: முன்வீடு பின்வீடு எல்லாம் ஒண்ணுதான், பாகமே பிரிக்கல.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேன்காரி வண்டியைச் சலூன் வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டின.

“மாமா, எந்தக் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கீங்க? நம்பர் சொல்லுங்க, நானும் வந்து பார்க்கறேன்.”

“கேஸா? நானா? போட்டா என்ன ஆகும்னு கவலைப்பட்டேன்மா. உன் நல்லதுக்குத்தான்.”

“வீட்டுல பாதி உங்களுதாமே?”

“பாசத்துல சொல்றதுதான். தம்பி வீடு என் வீடு இல்லையா?”

“என் மக அங்க படுத்துக் கிடக்கறா மாமா. இந்த வீடு வித்தாத்தான் நான் போக முடியும். அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா. அதனாலதான் அன்னைக்கே நான் எடுத்துக்கறேன்னேன்” என்றார், பேப்பரைப் புரட்டிக்கொண்டே.

பெஞ்சில் இருந்த மற்ற ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். தரையில் முடிதான் கிடந்தது. வேனில் ஒரு பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்று அழ ஆரம்பித்தது. அவள் வண்டியை எடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று, “மனுஷனா நீ?” என்று ஒரு சத்தம் போட்டேன். “மில்லுக்காரம்மா, வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வரும்” என்றார். என்னத்தைச் சொல்ல!

வக்கீலிடமும் போனோம். நல்ல மனிதர், குளிர்சாதன அறை. சாவகாசமாகக் கேட்டார்.

“தாராளமா வழக்குப் போடலாம். உங்க சொத்தைப் பத்திப் பொய் சொல்லி விற்பனையைக் கெடுத்தாருன்னு நஷ்ட ஈடே கேக்கலாம். ஆனா அவர் சொன்னதை நேர்ல கேட்ட சாட்சி வேணும்.”

“பெஞ்சுல உக்காந்திருந்த அத்தனை பேரும் கேட்டாங்க சார்.”

“வந்து சொல்லுவாங்களா?”

அன்றைக்குப் பெஞ்சில் குனிந்த தலைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

“இன்னொரு சங்கடமும் இருக்கு” என்றார் வக்கீல். “இப்போ வீட்டு மேல கேஸ் இருக்குன்னு அவர் சொல்றது பொய். நீங்க கேஸ் போட்டீங்கன்னா, அதுவே உண்மையாயிடும்.”

அது முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முகம் மழித்துக்கொண்டு போனார்கள். பிரசவ நாளும் வந்தது. வேறு டிரைவரைக் கெஞ்சி வேனில் உட்கார வைத்துவிட்டு ஒரு வாரம் போய்வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேத்தி. இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்து, குழாயடியில் முகம் கழுவி, பேத்தியை இரண்டு தரம் மடியில் வாங்கிவிட்டுத் திரும்பினாள். பச்சை உடம்புக்காரியை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து அறைப் பெண் வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் வேன்காரி என் முன்னால் அழுதாள். “பெத்தவ நான் இருக்கேன் அக்கா, வெந்நீர் வைக்க முகம் தெரியாத ஒருத்தி” என்றாள். அவளை அழ வைத்தவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

தவளை தன் வாயாலேயே கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு அந்த வேளை வந்தது.

அவர் மகன் முன்வீட்டுக்கு மேலே மாடி எடுக்க ஆசைப்பட்டான். பேங்கில் கடன் கேட்டான். பத்திரம், வரைபடம், ரசீது எல்லாம் முதல் தரம். அப்பா எழுதிய பத்திரமாயிற்றே! பேங்கிலிருந்து ஒருத்தர் வீட்டைப் பார்க்க வந்தார். இவர் அன்றைக்குப் பெஞ்சுக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்து, இஸ்திரிச் சட்டையும் சிரித்த முகமுமாக வரவேற்று, டீ கொடுத்து, அளக்க விட்டு அனுப்பினார். பேங்க்காரரும் இந்த ஊர்க்காரர்தான். வெளியே வந்தவர் தாடையைத் தடவினார். எதிரே சலூன்.

“முன்வீடு எப்படிங்க? வில்லங்கம் ஏதாவது?” என்று நுரை பூசும்போது கேட்டார்.

முடிவெட்டுகிறவர் அதிகம் பேசாதவர். கேட்டால் சொல்வார். “அது பாகம் பிரிக்காத சொத்து சார். முன்வீடு பின்வீடு எல்லாம் ஒண்ணுதான். தம்பி சம்சாரத்துக்கும் பங்கு உண்டு.”

“யாரு சொன்னது?”

“வீட்டுக்காரரே தினமும் சொல்வாரு சார். இதோ, இங்க உக்காந்துதான்.”

பெஞ்சே தலையாட்டியது. வேன்காரிக்குச் சாட்சி சொல்ல வாய் வராத அத்தனை பேரும் இப்போது, “ஆமா சார், கோர்ட்டுல கூடப் போட்டிருக்காராம்” என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பாவம், நல்லதைச் செய்கிற நினைப்பு. ஆப்பை அசைத்த குரங்குக்கு வால் மாட்டியது அப்படித்தான். தம்பி பெண்டாட்டிக்கு முன்வீட்டில் உரிமை இல்லை என்று அவளே நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் கடன் கிடையாது என்று பேங்க் சொல்லிவிட்டது.

நம் ஆள் மில்லுக்கு வந்தார். முதன்முறையாகச் சட்டை கசங்கியிருந்ததைப் பார்த்தேன்.

“மில்லுக்காரம்மா, நீங்க சொன்னா அவ கேப்பா. ஒரு கையெழுத்துதான். பாகம்தான் அன்னைக்கே சுத்தமா பிரிச்சாச்சே, என் கையாலயே எழுதினேனே!”

நான் மிஷினைப் போட்டுவிட்டேன். “கேக்கல, சத்தமா சொல்லுங்க!” என்றேன்.

“பாகம் பிரிச்சாச்சு!”

“இன்னும் சத்தமா!”

“பாகம் பிரிச்சாச்சும்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். மிளகாய் அரைக்க வந்த மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

வேன்காரி என்னைப் போல் விளையாடவில்லை. வீட்டு வாசலில் அவரை நிற்க வைத்துக் கேட்டாள், பிறகு ஒன்றுதான் சொன்னாள்.

“கையெழுத்துப் போடறேன் மாமா. எங்க உக்காந்து சொன்னீங்களோ, அங்கேயே வந்து இது என் வீடுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை, எல்லாரும் இருக்கும்போது. பாதியில நிறுத்தாம.”

ஞாயிற்றுக்கிழமை சலூன் நிரம்பி வழிந்தது. விஷயம் கசிந்ததில் முடி வளராதவன்கூட வந்து உட்கார்ந்திருந்தான். நானும் மில்லைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

“பின்வீடு முழுக்கத் தம்பி சம்சாரத்தோடது. எனக்கு அதுல கையகல உரிமையும் கிடையாது. கேஸும் கிடையாது. எங்கப்பா எதையும் மாத்திச் சொல்லல. நான் சொன்னதெல்லாம் பொய்.”

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வேன்காரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் பெஞ்சில் ஒருத்தர் பெருமூச்சு விட்டார். “பாவம்யா பெரியவர். என்ன நெருக்கடியோ.”

“கடனுக்காக இப்படிச் சொல்ல வச்சுட்டா பாரு.”

“வண்டி ஓட்டறவ. ஆள் பலம் இருக்காதா? மிரட்டியிருப்பா.”

“வயசான மனுஷனை நிக்க வச்சு... அந்த வீட்டை வாங்கறவன் உருப்படுவானா?”

பொய்யை அவர் பாதிதான் சொன்னார், மீதியை இவர்களே சேர்த்து நம்பினார்கள். உண்மையை அவர் முழுசாகச் சொன்னார், ஒரு பயல் நம்பவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது சரிதான். ஆனால் இந்த ஊர் வாய்க்குள் பல்லும் இருக்கிறது.

“இப்போ கையெழுத்துப் போடாதேடி” என்றேன் அவளிடம்.

“போடறேன்னு சொல்லிட்டேனே அக்கா. அவர் பேச்சு மாதிரி என் பேச்சும் ஆகணுமா?”

போட்டாள். அவளைத் திட்டித் தீர்த்தேன். முன்வீட்டில் மாடி கிடுகிடுவென்று எழும்பியது. அந்த நிழலில் அவள் கொல்லையில் துணி காயவில்லை. அவர் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார், இஸ்திரிச் சட்டையோடு. பின்வீட்டைப் பற்றி அவர் இப்போது வாயே திறப்பதில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சில பேர் வாங்கவே பிறந்தவர்கள் போல வந்து, மழித்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது; அவள் பேத்தியைப் போனில் பார்த்துப் பேசுவதோடு சரி.

கடைசியில் ஒரு நாள் முடிவெட்டுகிறவர் மில்லுக்கு வந்தார். அரைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

“அம்மா, பின்வீட்டை நான் எடுத்துக்கலாம்னு பார்க்கறேன். நீங்க பேசி விடுங்க.”

ஒரு விலை சொன்னார். அண்ணன் சொன்னதைவிடக் கொஞ்சம் மேலே, நியாயத்துக்கு வெகு கீழே.

“அதுல வில்லங்கம்னு ஊரே சொல்லுதே. உங்களுக்குப் பயமில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பாகம் பிரிச்சுப் பதிஞ்ச அன்னைக்கு நேரா என்கிட்டதானே வந்து முடி வெட்டிக்கிட்டாரு. ஒரு வரி விடாம சொன்னாரு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

எனக்குக் குரல் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “தெரிஞ்சுமா வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அவர் என்ன சொல்றாருன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்கலையேம்மா.”

வேன்காரி அந்த விலைக்கே கொடுத்தாள். மகள் ஊரில் அதற்கு ரெண்டு ரூம் வராது. ஒரு ரூமும் தடுப்புப் போட்ட கூடமும் வந்தது. மகளும் மருமகனும் குழந்தையோடு முன்னாலேயே அங்கே குடிபோய்விட்டார்கள். வேனை விற்று, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு, பாத்திரம் பண்டம் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளைத் தனியே அனுப்ப மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

கதவைத் திறந்தது பேத்தி. நடக்கிற வயசு போய், ஓடுகிற வயசு. ஒரு கையில் பிஸ்கட்டு, மூக்கில் பாட்டியின் அதே கூர்மை. அண்ணாந்து பார்த்தது. ஆம்பிளைச் சட்டை போட்ட இந்த நெட்டை மனுஷியை மேலும் கீழும் அளந்தது.

“வாடி என் தங்கம்! பாட்டி வந்துட்டேன்!” என்று வேன்காரி பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை ஒரு அடி பின்னால் போனது. உள்ளே திரும்பிக் கத்தியது. “அம்மா! யாரோ வந்து பாட்டின்னு சொல்றாங்க!”

“பாட்டிதான்டா செல்லம், உன் பாட்டிதான்” என்று மகள் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“இல்ல” என்றது குழந்தை. அதற்குச் சந்தேகமே இல்லை. பொய் சொல்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தது. ஓடிப் போய் அம்மாவின் போனை எடுத்து வந்து, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியது. “எங்க பாட்டி இதுல இருக்காங்க.”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. வேன்காரி மட்டும் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.